எண்ணூத்தம்பதுல நிக்காத வண்டி

ஏனுங் தம்பி, இங்க உக்காருங்க, எடமிருக்குது. பையை நான் மடியில வெச்சுக்கறேன். வேண்டாம் வேண்டாம், மேல வெக்காதீங்க. உள்ள ஒரு வண்டிச் சாமான் இருக்குது, அலுமினியம். கீழ விழுந்துச்சுன்னா நான் பொள்ளாச்சி போறதே வீண். நீங்க எது வரைக்கும்? கிணத்துக்கடவா? அப்ப சரி, பேச்சுத்துணை ஆச்சு. ஜன்னலோரம் நானே இருந்துக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. கொஞ்ச நாளா எனக்குக் காத்து பத்த மாட்டேங்குது. இந்த வருசம் வேசகாலத்து வெயிலு அப்படி.

நான் பஸ்ல போற ஆளே இல்லீங்க. எங்கிட்ட காரு இருக்குது. சாதாரணக் காரு இல்ல, ஸ்போர்ட்ஸ் காரு. ஜப்பான் வண்டி, ரெண்டே சீட்டு, மேல்கூரையை மடக்கிப் பின்னால தள்ளிக்கலாம். செவப்புக் கலரு. நாங்க அதைச் செவலைன்னுதான் கூப்பிடுவோம். இவ்வளவு பெரிய வண்டிக்காரன் ஏன் பைத்தூக்கிட்டு உக்கடத்துல பஸ் ஏறுறான்னு நீங்க கேக்கணும். கேளுங்க. யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் பதினோரு நாளா இருக்கறேன்.

துரோகம் தம்பி. வேற வார்த்தை இல்ல.

ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு. ஒண்ணு, ராயப்பன். என்னோட சினேகிதன், மெக்கானிக்கு, ஆவாரம்பாளையத்துல பட்டறை. முப்பது வருசப் பழக்கம். இன்னொண்ணு எம்பொண்டாட்டி ருக்குமணி. சிரிக்காதீங்க, நீங்க நெனைக்கற மாதிரி விசயமில்ல. அந்த வயசெல்லாம் எங்க மூணு பேருக்குமே தாண்டிப்போச்சு. இது வேற. இது அதை விட மோசம்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. ஒரு பம்ப் கம்பெனியில முப்பத்திநாலு வருசம் கடைசிப் பரிசோதனைப் பிரிவுல இருந்தேன். பம்பு ஓடுறப்போ கையை வெச்சுப் பாத்தே எத்தனை சுத்து சுத்துதுன்னு சொல்லுவேன். அப்புறமா மெஷின் வெச்சுப் பாத்தா பத்துச் சுத்து முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான். பெருமைக்குச் சொல்லல. கம்பெனியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

ரிட்டயர் ஆன வருசம் ராயப்பன் வந்து சொன்னான், ஒரு மூடுன மில்லோட பஞ்சுக் குடோன்ல ஒரு வண்டி கெடக்குதுடா நாச்சி, வந்து பாருன்னு. முதலாளி பையன் ஆசைக்கு வாங்கிட்டு வந்து ஓட்டாம போட்டுட்டானாம். பன்னெண்டு வருசம் அப்படியே கெடந்திருக்குது. சீட்டுக்குள்ள எலி குடும்பம் நடத்திட்டு இருந்துச்சு. ராயப்பன் பானெட்டைத் தூக்கிப் பாத்துட்டு, உசுரு இருக்குதுடான்னான். ஆறு வருசம் நாங்க ரெண்டு பேரும் அதுகூடத்தான் கெடந்தோம். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். ருக்கு ரெண்டு பேருக்கும் காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, "ஏனுங்ண்ணா, இவரு என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ கூட இத்தனை நேரம் பாக்கலீங்க"ம்பா.

மொதமொதல்ல ஸ்டார்ட் ஆன அன்னிக்கு ஐட்லிங் எண்ணூத்தம்பதுல நின்னுச்சு. ஐட்லிங்னா தெரியுமில்லீங்க? ஆக்சிலேட்டரை மிதிக்காம சும்மா நிக்கறப்போ எஞ்சின் ஓடுற வேகம். அது எச்சாப் போனாலும் சீக்கு, கம்மியாப் போனாலும் சீக்கு. அந்த வண்டிக்கு நிமிசத்துக்கு எண்ணூத்தம்பது சுத்து. ராயப்பன் காப்பி டம்ளரை எடுத்து ஓடுற எஞ்சின் மேல வெச்சான். ஒரு சொட்டு சிந்தல தம்பி. ரெண்டு கெழவனுங்களும் அழுதுட்டோம். வெக்கமென்ன சொல்றதுக்கு.

குறிச்சி தாண்டிருச்சா? அட, டிரைவர் நல்லாத்தான் விடறான்.

சரி, விசயத்துக்கு வர்றேன். மாசி மாசம். ருக்குவைக் கூட்டிட்டு சொந்தக்காரங்க வீட்டுச் சீருக்குப் போயிட்டு வர்றேன். சுங்கம் சிக்னல். செவப்பு விழுந்துச்சு, நின்னேன். கிளட்சை மிதிச்சு மொத கியர்ல வெச்சிருக்கறேன், பச்சை விழுந்தா போக வேண்டியதுதான். கண்ணை மூடித் தொறக்கறேன், வண்டி ஒரு குதி குதிச்சு ஆஃப் ஆகி, முன்னால நின்ன எளநி வண்டி மேல இடிச்சுட்டு நிக்குது. எளநியெல்லாம் ரோட்டுல உருளுது. எஞ்சின் சுத்தைக் காட்டற முள்ளைப் பாத்தேன், சைபர்ல கெடக்குது. ஐட்லிங் கம்மியாகி எஞ்சின் நின்னுபோச்சு. பாத்தாவே தெரியுதில்ல?

ருக்கு என்னடான்னா, "ஏனுங்க, நீங்க தலையைத் தொங்கப் போட்டுட்டீங்க, கூப்பிடக் கூப்பிட காதுல வாங்கல"ங்கறா. அடி இவளே, முள்ளைப் பாக்கறதுக்குக் குனிஞ்சேன்டி! ஸ்டியரிங்குக்குப் பின்னாடிதான முள்ளு இருக்குது, குனியாம வானத்தையா பாப்பாங்க? அவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்.

ராயப்பன்கிட்ட விட்டேன். மூணு நாள் அவனே ஓட்டிப் பாத்தான். சிக்னல் சிக்னலா நிறுத்திப் பாத்தான், எஞ்சினுக்குப் பளு ஏறட்டும்னு லைட்டு அத்தனையும் போட்டுப் பாத்தான். வந்து சொல்றான், "நாச்சி, எண்ணூத்தம்பதுல கல்லு மாதிரி நிக்குது. வண்டியில ஒண்ணுமில்லடா." எனக்குக் கோவம் வந்துருச்சு. அப்ப நான் பொய் சொல்றனா? அவன் மூஞ்சியை ஒரு மாதிரி வெச்சுட்டு, "வண்டியில ஒண்ணுமில்லன்னுதான் சொன்னேன்"னான். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரல. நம்புனேன் பாருங்க, அதான்.

பத்து நாள் கழிச்சு எங்க வீட்டு கேட்டுக்கிட்டயே மறுபடியும் ஆச்சு. வண்டியைத் திருப்பறேன், ஆஃப். கேட்டுத் தூண் ஒரு பக்கம் பேந்துபோச்சு. எனக்கு நெத்தியில சின்னக் காயம். இந்தத் தூணை இவ்வளவு வெளிய தள்ளிக் கட்டாதீங்கன்னு கொத்தனாருகிட்ட அன்னிக்கே சொன்னேன், கேக்கல.

இதுக்குத்தான் ருக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. நெத்திக்குக் கட்டுப் போடத்தான் போனோம். அங்க ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, கையைப் புடிச்சுப் பாத்துட்டு முப்பத்தெட்டுன்னாங்க. நிமிசத்துக்கு முப்பத்தெட்டுத்தான் நாடி அடிக்குதாம். நான் சொன்னேன், ஏம்மா, நான் காலேஜ்ல கபடி ஆடுனவன், ஆட்டக்காரனுக்கு நாடி கம்மியாத்தான் இருக்கும்னு. கேக்கறாங்களா? நெஞ்சுல ஒயரை ஒட்டி ஒரு நாள் முழுக்கத் திரிய விட்டாங்க. அப்புறம் ஒரு பேப்பரைக் காட்டி, இங்க நாலு செகண்ட் நிக்குது, இங்க அஞ்சு செகண்ட் நிக்குதுன்னு விரலை வெச்சுக் காட்டறாங்க. நெஞ்சுக்குள்ள பேட்டரி வெக்கணுமாம். நான் சொன்னேன், வண்டிக்கு வெக்கற பேட்டரியே மூணு வருசந்தாம்மா தாங்குதுன்னு. அந்தப் பொண்ணு சிரிக்கவே இல்ல. வண்டி ஓட்டக்கூடாதுன்னும் சொன்னாங்க. பேப்பரை பீரோவுல வெச்சுட்டேன். அது தனி விசயம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வரிசையாச் சொல்லணும்னு சொன்னேன்.

இதுக்கப்புறம்தான் தம்பி அதிசயம். அடுத்த ஞாயித்துக்கெழமை ராயப்பன் வந்தான். வழக்கம் போல பானெட்டைத் தூக்கி எதையோ பாத்தான், காப்பி குடிச்சான், போனான். திங்கக்கெழமை வண்டியை எடுக்கறேன், ஐட்லிங் ஐநூறு! நடுக்கம்னா நடுக்கம், கண்ணாடியெல்லாம் ஆடுது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பொசுக்குனு ஆஃப். தெரு முனை வரைக்கும் போறதுக்குள்ள ஆறு தடவை ஆஃப்.

எனக்கு அப்ப என்ன ஆச்சு தெரியுமா? சந்தோசம். சத்தியமாச் சந்தோசம். பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, வண்டியிலதான் கோளாறுன்னு! ராயப்பனுக்கு போனைப் போட்டுக் கத்தறேன். அவன், "ஆமாடா நாச்சி, நீ சொன்னது சரிதான். வண்டியை எடுக்காத. சாமான் ஜப்பான்ல இருந்து வரணும், ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள நீ உடம்பைப் பாரு"ங்கறான். எவ்வளவு அக்கறை பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு அன்னிக்கு.

ஆனா நான் சும்மா இருக்கற ஆளா? முப்பத்திநாலு வருசம் அடுத்தவன் செஞ்ச பொருள்ல குத்தம் கண்டுபுடிச்சே சம்பளம் வாங்கினவன். நானே எறங்கிட்டேன். மொதல்ல காத்துக் குழாயெல்லாம் பாத்தேன், எங்கியாவது வெடிச்சிருந்தா காத்து திருட்டுத்தனமா உள்ள போகும். ஒவ்வொரு இணைப்புலயும் ஸ்ப்ரே அடிச்சு, எஞ்சின் சத்தம் மாறுதான்னு காதை வெச்சுக் கேட்டேன். மாறல. பிளக்கு நாலையும் கழட்டிப் பாத்தேன், நல்ல செங்கல் கலர்ல இருக்குது. பேட்டரி சார்ஜ் ஏறுதான்னு பாத்தேன், ஏறுது. இதோ மடியில இருக்கே, த்ராட்டில் பாடி, எஞ்சினுக்கு மூக்கு மாதிரி, இதுல கரி அடைச்சிருந்தா மூச்சுத் திணறும். கழட்டி, பழைய பனியன் துணியில தொடச்சுத் தொடச்சு வெச்சேன். கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. அப்பவும் ஐநூறு. குனிஞ்சு நிமிந்தா எனக்கும் கண்ணைக் கட்டுது, அந்த வெயில்ல வேற. ரெண்டு தடவை கராஜ்லயே தரையில உக்காந்துட்டேன். அட கெரகமே, இதென்ன கோளாறுன்னு எனக்கு ஒரே வெசனம்.

கடைசியாத்தான் பாத்தேன். இங்க பாருங்க, பையைத் தொறந்து காட்டறேன். இந்த ரப்பர் மூடி தெரியுதா, கடலைப்பருப்பு சைசுல? இதைத் தூக்குனா உள்ள ஒரு திருகு. ஐட்லிங்கைக் கூட்டிக் கொறைக்கற திருகு. இதை யாரும் தொட மாட்டாங்க, ஒரு தடவை வெச்சா வெச்சதுதான். தூக்கிப் பாக்கறேன், திருகு முழுசா உள்ள இறுகிக் கெடக்குது! காத்தே போகாது, எஞ்சின் எப்படி ஓடும்? திருப்பி வெளிய எடுத்தேன். முள்ளு ஏறி ஏறி வந்து எண்ணூத்தம்பதுல நின்னுச்சு. ஒண்ணரை நிமிச வேலை. இதுக்கு நான் மூணு வாரமா மண்டையை ஒடைச்சிருக்கறேன்.

அப்பவும் எனக்குச் சந்தேகம் வரல பாருங்க. அதிர்வுல தானா இறுகியிருக்கும்னு நெனைச்சேன். சரி, மறுபடியும் திரும்புச்சுன்னா தெரியணுமில்ல? கம்பெனியில நாங்க ஒண்ணு செய்வோம். பம்பு பாஸ் ஆனதும் போல்ட்டு மேலயும் பக்கத்துல பம்போட ஒடம்பு மேலயும் சேர்ந்தாப்புல ஒரு பெயிண்ட் கோடு இழுத்துடுவோம். போல்ட்டை யாராவது தொட்டா கோடு விலகிப்போகும். என் கோடு இல்லாம ஒரு பம்பு லாரி ஏறாது. அதே மாதிரி செஞ்சேன். பெயிண்ட் இல்ல, எம்பொண்ணு பெங்களூர்ல இருந்து வந்தப்போ விட்டுட்டுப் போன நெயில் பாலீஷ் இருந்துச்சு, ரோஜாப்பூ கலரு. ஒரு கோடு இழுத்தேன். பாட்டில் அத்தோட தீந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன். இதைப் பெருமையா ராயப்பன்கிட்டயும் சொன்னேன், ருக்குகிட்டயும் சொன்னேன். பைத்தியக்காரன் நான், திருடனுங்களைக் கூப்பிட்டு வெச்சு, பூட்டுச் சாவி எங்க இருக்குதுன்னு சொல்லியிருக்கறேன்.

அடுத்த ஞாயித்துக்கெழமை அவன் வந்தான். காப்பி குடிச்சான். போனான். திங்கக்கெழமை ஐநூறு.

ஓடிப்போய் மூடியைத் தூக்கிப் பாக்கறேன். கோடு விலகல. நேரா இருக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. கண்ணாடியைப் போட்டுட்டு டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். பாத்தா, அது ரோஜாப்பூ கலரு இல்ல தம்பி. வாடாமல்லிக் கலரு. வேற ஒருத்தனா இருந்தா கண்டுபுடிச்சிருக்க மாட்டான், ரெண்டும் அவ்வளவு கிட்டக் கிட்ட. நான் முப்பத்திநாலு வருசம் கோட்டைப் பாத்தவன். ஒரு தடவை கம்பெனியில ஒரு ஃபிட்டர் போல்ட்டைக் கழட்டி மாட்டிட்டு, என் கோட்டை அவனே இழுத்துட்டான். அந்த மஞ்சளுக்கும் என் மஞ்சளுக்கும் கடுகளவு வித்தியாசம், கையும் களவுமாப் புடிச்சேன். அன்னிக்கே அவனைப் பிரிவை விட்டு வெளிய அனுப்பிட்டேன். போல்ட்டைத் தொட்டதுக்கு இல்ல. என் கோட்டைப் போட்டதுக்கு.

வாடாமல்லிக் கலரு பாட்டில் எங்க இருக்குது? ருக்குவோட பீரோவுல. சாவி எங்க இருக்குது? ருக்குவோட இடுப்புல.

அப்ப நெஞ்சு பகீர்னு ஆச்சு பாருங்க, டாக்டரம்மா ஒயரு அப்ப ஒட்டியிருக்கணும்.

அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் வாயைத் தொறக்கல. ராயப்பன் வந்து உக்காந்தான். ருக்கு காப்பி கொண்டாந்தா. அவ பீரோவைத் தொறந்திருந்தப்போ எடுத்து வெச்சிருந்த பாட்டிலை நான் ரெண்டு டம்ளருக்கும் நடுவுல வெச்சேன். ருக்கு முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டா. ராயப்பன் மட்டும் என்னை நேராப் பாத்தான்.

"ஆமாடா. நாந்தான் இறுக்குனேன்."

"ஏன்டா?"

"நீ வண்டியை எடுக்கக் கூடாதுன்னு. தங்கச்சி வந்து பட்டறையில நின்னு அழுவுது. நான் என்ன பண்ணட்டும்?"

"அதுக்கு வண்டி கெட்டுப்போச்சுன்னு எங்கிட்டப் பொய் சொல்லுவியா?"

அதுக்கு அவன் சொன்னான் பாருங்க, அதை நீங்க கேக்கணும். "நாச்சி, நான் இத்தனை வருசத் தொழில்ல நல்லா இருக்கற வண்டியைக் கெட்டுப்போச்சுன்னு சொன்னதில்ல. பொய் சொல்ல வாய் வரல. அதனால கெடுத்துட்டுத்தான் சொன்னேன்."

எப்படி இருக்குது? கேட்டுக்குங்க! நேர்மையாம்! அவனவனுக்கு ஒரு நேர்மை!

ருக்கு சொல்றா, "ஏனுங்க, சிக்னல்ல எஞ்சின் நின்னதால நீங்க இடிக்கலீங்க. நீங்க நின்னதாலதாங்க எஞ்சின் நின்னுச்சு. கிளட்சுல இருந்து உங்க காலு தானா வந்துருச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தேனுங்க." ராயப்பன் தலையை ஆட்டறான். "கியர்ல இருக்கற வண்டி, கிளட்சை விட்டா குதிச்சு ஆஃப் ஆகும். அது உனக்குத் தெரியாதாடா?" அப்படின்னு எனக்குப் பாடம் எடுக்கறான். ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டு வந்திருக்காங்க. ஒரே மாதிரி சொல்றாங்க பாருங்க, அதுலயே தெரியுதில்ல?

ஒளிக்காமச் சொல்றேன், வண்டியைக் கெடுத்ததைக் கூட மன்னிச்சிருப்பேன். மூணு வாரம், தம்பி! நான் கரியும் எண்ணெயுமா கராஜ்ல உருண்டு கெடக்கறேன், இவ வந்து மோர் குடுக்கறா. "கண்டுபுடிச்சிட்டீங்களா?"ன்னு கேக்கறா. தெரிஞ்சுட்டே கேக்கறா. அவன் போன் பண்ணி, "சென்சாரா இருக்கும்டா, பாரு"ங்கறான். நான் சின்னப் புள்ளையாட்டம் போய்ப் பாக்கறேன். அப்புறம் ரெண்டு பேரும் பானெட்டுக்குக் கீழ குனிஞ்சு நின்னு, இவ பாட்டிலைப் புடிக்க, அவன் என் கோட்டை இழுத்திருக்கான். என் கோட்டை! என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச ரெண்டே பேரு அவங்கதான். எனக்கு எங்க வலிக்கும்னும் தெரியும்.

ராயப்பனை வெளிய போன்னு சொல்லி கேட்டைச் சாத்துனேன். அவன் கேட்டுக்கு வெளிய நின்னுட்டே, "என்னைத் திட்டு, அடி, ஆனா வண்டியை எடுக்காதடா"ங்கறான். அவனும் அழுதான். அழுதா? நானுந்தான் அழுதேன். ருக்குகிட்டப் பேச்சை நிறுத்திட்டேன். பதினோரு நாளாச்சு. சோத்தை வெக்கறா, திங்கறேன். ராத்திரி அவ தூங்காம என் மூக்குக்கிட்டக் கையை வெச்சு வெச்சுப் பாக்கறா, நான் தூங்கற மாதிரியே கெடக்கறேன்.

ஈச்சனாரிப் பிள்ளையாரு கோயில் வந்துருச்சு. ஒரு நிமிசம், கும்பிட்டுக்கறேன்.

சரி, கேளுங்க, இன்னும் முடியல. நானே திருகைச் சரி பண்ணுனேன். எண்ணூத்தம்பது. கோடு போட்டேன், வாடாமல்லியிலயே. மூடிக்கு மேல பசை வெச்சு ஒட்டிட்டேன். கராஜைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டேன். ஒரு ஈ உள்ள போக முடியாது. போன புதன்கெழமை ருக்கு கோயிலுக்குப் போயிருந்தப்போ வண்டியை எடுத்தேன். ஆகா, ஆகா! கூரையைத் தள்ளிவிட்டுட்டு, மூஞ்சியில காத்து அடிக்குது, முப்பது வயசுக்காரன் மாதிரி இருந்துச்சு. ரெண்டு கிலோமீட்டர் வெண்ணெய் மாதிரிப் போச்சு. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால நின்னேன், புள்ளைங்க ரோடு தாண்டிட்டு இருந்துச்சுங்க, ஒரு டீச்சர் கையைக் காட்டி நிறுத்தியிருக்காங்க. கண்ணை மூடித் தொறக்கறேன்...

மறுபடியும் அதே தம்பி. ஒரு குதி குதிச்சு ஆஃப். ஒரு சின்னப் பொண்ணு, ரெட்டைச் சடை, பானெட்டுக்கு முன்னால ஒரு சாண்ல நிக்குது. அதோட தண்ணி பாட்டில் சக்கரத்துக்கு அடியில கெடக்குது. டீச்சர் கத்தறாங்க. நல்லவேளை எஞ்சின் ஆஃப் ஆச்சு. ஆஃப் ஆகாம இருந்திருந்தா? நெனைக்கவே முடியல. வண்டியை அங்கியே விட்டுட்டேன், அப்புறம் ஆளுங்களை வெச்சுத் தள்ளிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மூடியைப் பாக்கறேன். பசை அப்படியே இருக்குது. கோடு அப்படியே இருக்குது. திருகு நகரல. ஸ்டார்ட் பண்ணுனா எண்ணூத்தம்பது. அப்ப என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. ராயப்பன் உள்ள வேற என்னமோ செஞ்சு வெச்சிருக்கான்! திருகோட நிறுத்தல அவன். என் கண்ணுக்குத் தெரியாத எடத்துல, எப்பவாவது ஒரு தடவை நிக்கற மாதிரி ஏதோ கைவேலை பண்ணியிருக்கான். அதான் இதைக் கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன். கோயமுத்தூர்ல எந்த மெக்கானிக்கிட்டப் போனாலும் ராயப்பனுக்குப் போன் போயிரும், அவ்வளவு பேரும் அவன் ஆளுங்க. பொள்ளாச்சியில ஒருத்தர் இருக்காராம், ராயப்பனைத் தெரியாதவரு. அவரு பிரிச்சுப் பாத்து, இதுதாங்க குத்தம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதைக் கொண்டுபோய் ரெண்டு பேரு முன்னாலயும் வெக்கறேன். வெச்சுட்டுக் கேக்கறேன். ஒரு மனுசன், அவன் பாட்டுக்கு, தன்னோட வண்டியில, தன்னோட...

என்ன?

என்னங்க, ஏன் எல்லாரும் எந்திரிச்சு நிக்கறீங்க? சட்டை ஏன் ஈரமா இருக்குது? யாரு தண்ணி ஊத்துனது? அம்மா, போதும்மா, போதும், மூஞ்சியில அடிக்காதீங்க. எம்பை எங்க? பை எங்கீங்க தம்பி? சரி, நீங்க வெச்சிருக்கீங்களா. கண்டக்டர், என்னைத் தூக்காதீங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன். இது எந்த எடம்? ஈச்சனாரி இப்பத்தான தாண்டுனோம்? ஒத்தக்கால்மண்டபமா? எப்ப வந்துச்சு?

பஸ் ஏன் ரோட்டோரத்துல நிக்குது? ஆஃப் ஆயிருச்சா? பாத்தீங்களா, கோளாறு எல்லா வண்டியிலயுந்தான் இருக்குது!

ரெண்டு நிமிசமா? யாரு, நானா? இல்லீங்க, பேசிட்டுத்தான இருந்தேன். கண்ணை மூடித் தொறந்தேன், அவ்வளவுதான். உங்க தோள்ல சாஞ்சுட்டனா? தப்பா எடுத்துக்காதீங்க. தூக்கம் கெட்டுப்போச்சு பாருங்க, இந்த வெசனத்துல.

அது எம்போனு. ஏன் உங்க கையில இருக்குது? யாருகிட்டப் பேசறீங்க? தம்பி, யாருகிட்ட?

ருக்குவா?

ஏனுங்க, உங்களை நம்பித்தான அத்தனையும் சொன்னேன். மனசைத் தொறந்து கொட்டுனேனே. நீங்களும் அவங்க பக்கமே போயிட்டீங்களா? குடுங்க இங்க. நானே சொல்லிக்கறேன். குடுங்க.

ஹலோ. ருக்கு, நாந்தான். ஒண்ணுமில்ல புள்ள. பஸ்ஸு நின்னுபோச்சு. ஆஃப் ஆயிருச்சு, அதான் இவங்கெல்லாம் பதட்டப்படறாங்க. இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. பொள்ளாச்சிக்குத்தான். ஏன் அழுவுற? இரு, அழுவாத. சொல்றதைக் கேளு. எஞ்சின்தான் நின்னுச்சு. நான் ஜன்னல் கம்பியைப் புடிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கறேன், இதோ...

ருக்கு.

இரு.

இரு, ஒரு நிமிசம்.

ஓடுது. கம்பி அதிருது. கை வெச்சுட்டேன். அறுநூறு இருக்கும், டீசல் வண்டி. சீரா இருக்குது. நிக்கவே இல்ல. எஞ்சின் ஓடிட்டுத்தான் இருந்திருக்குது ருக்கு.

ஆமா.

ராயப்பனைக் கூட்டிட்டு வா. ஒத்தக்கால்மண்டபம். வாரேன்னு சொல்லாத, கெளம்பு. அந்தப் புள்ள ஒரு சாண்ல நின்னுச்சு ருக்கு, ரெட்டைச் சடை போட்ட புள்ள. எனக்குப் பயமா இருக்குது. வா.